மறு: ‘எண்ட் ஆஃப் லைஃப்’ - ‘பேணல் நிறுத்தம்’ என்று சொல்லலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஒரு மென்பொருளுக்கோ கருவிக்கோ திருத்தங்கள் தருவதை நிறுவனம் நிறுத்துவதை ஆங்கிலத்தில் ‘எண்ட் ஆஃப் லைஃப்’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல் வைப்பது என்று மென்பொருள் மொழிபெயர்க்கும் நாம் பேசிவரும் இந்த இழையில் இதுவரை வந்த மடல்களை முழுவதும் படித்தேன். ஆயுள் முடிவு, காலாவதி, வழக்கொழிவு, ஆதரவு முடிவு என்று நான்கு பரிந்துரைகள் வந்திருக்கின்றன. எல்லோரும் தக்க காரணத்தோடுதான் முன்வைத்திருக்கிறீர்கள். ஆனால் நான்கிலும் எனக்கு ஒரே தடை. இயங்குதளத்துக்கோ கைபேசிக்கோ தானாகவே ஏதோ நேர்ந்துவிட்டதுபோல் அவை ஒலிக்கின்றன. நடப்பதோ வேறு. ஒரு நிறுவனம் தொடர்ந்து ஒரு வேலையைச் செய்துவந்தது. குறித்த நாளோடு அதை நிறுத்திக்கொள்கிறது. நிறுத்தும் செயல் நம் சொல்லில் தெரிய வேண்டும் என்பதே என் கருத்து.

> ஆங்கிலத்தில் ‘லைஃப்’ என்றுதானே இருக்கிறது? ‘ஆயுள் முடிவு’ என்றால் படிப்பவருக்கு உடனே புரிந்துவிடும்.

புரியும், ஆனால் தவறாகப் புரியும். விண்டோஸ் 10-ஐப் பாருங்கள். 2015 ஜூலையில் வந்தது. 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு அதற்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றன. மறுநாளும் அந்தக் கணினிகள் முன்புபோலவே இயங்கின. கோப்புகள் திறந்தன, உலாவி வேலை செய்தது. பதிவுசெய்துகொள்ளும் தனிப்பயனர்களுக்கு நீட்டிப்பும் அறிவித்தார்கள். தொழிற்கருவிகளில் பதிக்கப்படும் ‘ஐஓடி எண்டர்பிரைஸ் எல்டிஎஸ்சி 2021’ என்ற பதிப்புக்கு 2032 ஜனவரி வரை திருத்தங்கள் உண்டு. அதுவும் விண்டோஸ் 10-தான். அப்படியானால் யாருடைய ஆயுள் முடிந்தது?

விண்டோஸ் எக்ஸ்பி இன்னும் தெளிவான சான்று. 2014 ஏப்ரல் 8-இல் அதற்கான திருத்தங்கள் நின்றன. 2017 மே மாதம் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வானாக்ரை என்ற பணயத் தீநிரல் உலகெங்கும் பரவியபோது, மைக்ரோசாஃப்ட் அதே எக்ஸ்பிக்குத் திருத்தம் எழுதி இலவசமாக வெளியிட்டது. 2019 மே மாதம் புளூகீப் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டபோது மறுபடியும் வெளியிட்டது. ஆயுள் முடிந்த ஒன்றுக்கு ஐந்தாண்டு கழித்து யாரும் மருத்துவம் பார்ப்பதில்லை. செய்ய முடிந்த வேலையைத்தான் அவர்கள் நிறுத்தியிருந்தார்கள். தேவை வந்தபோது செய்தார்கள். ஆப்பிளும் 2013-இல் வெளியிட்ட ஐஃபோன் 5எஸ்-க்கு 2023 ஜனவரியில் ஐஓஎஸ் 12.5.7 என்ற பாதுகாப்புத் திருத்தத்தைக் கொடுத்தது. புதிய ஐஓஎஸ் பதிப்புகள் அந்தக் கைபேசிக்கு வராமல்போய்ப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன.

‘காலாவதி’ இதைவிடக் கெடுதலான சொல் என்று நினைக்கிறேன். மருந்து அட்டையில் படித்துப் பழகிய சொல் அது. காலாவதியானதை உள்ளே விட்டால் ஆபத்து, தூக்கிப்போடு என்பதுதான் அதன் பொருள். நல்ல நிலையில் இருக்கும் கணினியைக் குப்பைக்கு அனுப்பச் சொல்லும் வேலையை நம் கலைச்சொல் செய்யக் கூடாது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இல்லை, நுண்செயலி எட்டாம் தலைமுறை இன்டெலுக்கு முந்தையது என்ற காரணங்களுக்காகவே மேலேற முடியாமல் நிற்கும் கணினிகள் எத்தனையோ இருக்கின்றன. அவற்றில் லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்தின் வழங்கலொன்றை நிறுவினால் ஆண்டுக்கணக்கில் உழைக்கும். ‘உங்கள் கணினி காலாவதியாகிவிட்டது’ என்று படித்தவருக்கு அந்த வழி இருப்பதே தோன்றாது.

அதற்காக ஆபத்தைக் குறைத்துச் சொல்லும் சொல்லும் வேண்டாம். ஊர்க்கிணற்றில் தூர் வாருவதை நிறுத்திவிட்டால் கிணறு செத்துவிட்டது என்று சொல்லமாட்டோம். தண்ணீர் இருக்கும், இறைக்கலாம். ஆனால் தூர் ஏறிக்கொண்டே போகும். இயங்குதளத்திலும் அப்படித்தான். ஓட்டைகள் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும், அடைக்க ஆளிருக்காது. நம் சொல் இந்த நிலையைச் சொல்ல வேண்டும், கூட்டாமல் குறைக்காமல்.

> ‘ஆதரவு முடிவு’ ஏற்கெனவே சில செயலிகளில் புழங்குகிறது. அதையே வைத்துக்கொண்டால் என்ன?

இரண்டு சிக்கல்கள். முதலாவது ‘முடிவு’. தமிழில் முடிவு என்றால் இறுதி, முடிவு என்றால் தீர்மானம். ‘விண்டோஸ் 10 ஆதரவு முடிவு’ என்ற தலைப்பைப் படிக்கும் ஒருவர், விண்டோஸ் 10-ஐ ஆதரிப்பதென்று யாரோ முடிவெடுத்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் எண்ணுவார். சொல்லவந்ததற்கு நேர் எதிர்ப்பொருள். செய்தித் தலைப்புகளில் ‘ஆதரவளிக்க முடிவு’ என்று படித்துப் பழகிய கண்ணுக்கு இந்த மயக்கம் கட்டாயம் வரும்.

இரண்டாவது சிக்கல் ‘ஆதரவு’. கோப்பு வடிவத்தைத் திறக்க முடியாதபோது ‘இந்த வடிவத்துக்கு ஆதரவில்லை’ என்று எழுதுகிறோம். உதவி மையத்துக்கும் ஆதரவு மையம் என்கிறோம். இப்போது திருத்தங்கள் வருவது நின்றதற்கும் ஆதரவில்லை என்றால், ஒரே திரையில் ஒரே சொல் மூன்று வேலை பார்க்கும். ‘உங்கள் கைபேசிக்கு ஆதரவில்லை’ என்று ஒரு செயலி சொன்னால், செயலி இந்தக் கைபேசியில் ஓடாது என்பதா, ஓடும் ஆனால் திருத்தம் வராது என்பதா? ஆங்கிலத்தில் இந்தக் குழப்பம் இருக்கிறது என்பதற்காக நாமும் அதை வாங்கிவர வேண்டியதில்லை.

வழக்கொழிவைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. கோடிக்கணக்கானவர்கள் கையில் இருப்பதை வழக்கொழிந்தது என்று எப்படிச் சொல்வது?

ஆகவே என் பரிந்துரை: பேணல் நிறுத்தம்.

முடிதல், தீர்தல், ஓய்தல் எல்லாம் தன்வினை. யாரும் செய்யாமலே நடக்கக்கூடியவை. நிறுத்துதல் பிறவினை, நிறுத்த ஒருவர் வேண்டும். வேலைநிறுத்தம், போர்நிறுத்தம் என்று சொல்லும்போதே அதைச் செய்பவர்கள் மனத்தில் வந்துவிடுகிறார்கள். நம் மொழியின் இலக்கணமே இந்த வேறுபாட்டை இவ்வளவு எளிதாகக் கையில் தரும்போது அதைப் பயன்படுத்தாமல் விடுவது எனக்குப் பெரிய இழப்பாகப் படுகிறது.

> நிறுத்தம் என்றால் தற்காலிகம் போலத் தோன்றாதா? போர்நிறுத்தம் மீறப்படுகிறதே.

தோன்றினால் தோன்றட்டும். எக்ஸ்பிக்கு நடந்ததைப் பார்த்தோம். நிறுத்தியவர் மறுபடி தொடங்க முடியும் என்பது உண்மைதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நிறுத்தம் என்ற சொல்லைக் குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எதையும் காலம் முழுவதும் பேணிக்கொண்டிருக்க முடியாது. 1985-இல் வந்த இன்டெல் 386 நுண்செயலிக்கான நிரலை, லினக்ஸின் மைய நிரலான கருவகம் 3.8-ஆம் பதிப்பில், அதாவது 2013-இல்தான் நீக்கியது. அந்தப் பழைய நுண்செயலிக்காக எழுதிய விதிவிலக்குகள் மற்ற எல்லாவற்றையும் சிக்கலாக்கிக்கொண்டிருந்தன என்பதே காரணம். நியாயமான நிறுத்தம். காரணத்தைச் சொல்லி, எல்லோரும் பார்க்கும்படி செய்தார்கள். வணிகக் காரணத்துக்காக நல்ல கருவியைக் கைவிடுவதும் நிறுத்தம்தான். இரண்டில் எது என்று படிப்பவர் தீர்மானிக்கட்டும். கலைச்சொல் தீர்ப்புச் சொல்ல வேண்டாம், நடந்ததை மறைக்காமல் இருந்தால் போதும்.

> ‘பேணல்’ மேடைத்தமிழ் போல இருக்கிறது. ‘பராமரிப்பு’ எல்லோருக்கும் தெரியும்.

பராமரிப்பு நல்ல சொல், ஆனால் அதற்கு ஏற்கெனவே வேறு வேலை இருக்கிறது. ‘பராமரிப்புப் பணிக்காகத் தளம் தற்காலிகமாக மூடப்பட்டுள்ளது’ என்ற வரியை எத்தனையோ தளங்களில் பார்க்கிறோம். அந்த நினைவோடு ‘பராமரிப்பு நிறுத்தம்’ என்று படித்தால், பணி முடிந்து தளம் திறந்துவிட்டது என்றுகூடக் கொள்ளலாம். பேணல் அப்படி யாரிடமும் மாட்டிக்கொள்ளாத சொல். மேடைத்தமிழும் இல்லை; உடல்நலம் பேணுங்கள், நட்பைப் பேணுங்கள், பெற்றோரைப் பேணுங்கள் என்று குழந்தைகளிடமும் சொல்கிறோம். ஒன்று கெடாமல் இருக்கத் தொடர்ந்து கவனித்துக்கொள்வது என்ற பொருள் அதில் தெளிவாக இருக்கிறது. பாதுகாப்புத் திருத்தம் எழுதுகிறவர்கள் செய்வதும் அதுவே.

இந்த வேரிலிருந்து கிளைக்கும் சொற்களைப் பாருங்கள். நிரல்தொகுப்பைக் கவனித்துக்கொள்பவர் பேணுநர். திருத்தங்கள் வரும் காலம் பேணல் காலம். கட்டணத்துக்கோ வேறு நிபந்தனைக்கோ உட்பட்டு நீள்வது நீட்டித்த பேணல். திருத்தம் வராத பதிப்பு பேணாப் பதிப்பு. லினக்ஸ் வழங்கலான உபுண்டுவில் ஐந்தாண்டு திருத்தம் பெறும் ‘எல்டிஎஸ்’ பதிப்பை நெடும்பேணல் பதிப்பு என்று சொல்லலாம். ‘நீண்டகால ஆதரவுப் பதிப்பு’ என்று இப்போது எழுதுகிறோம்; பொத்தானுக்குள் அடங்குவதே இல்லை. ‘பேணற்காலம்’ என்று புணர்த்தி எழுதலாமா என்றால், இலக்கணப்படி சரி, தேடுபொறியில் தேடுகிறவருக்குச் சிரமம். பிரித்தே எழுதுவோம்.

பேணல் காலம் என்ற சொல்லைத்தான் மக்கள் அதிகம் பயன்படுத்த வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். கைபேசி வாங்கும்போது கேமராவையும் நினைவகத்தையும் கேட்கிறவர்கள் இதைக் கேட்பதில்லை. கேட்பதற்குச் சுருக்கமான சொல்லும் இல்லாமல் இருந்தது. 2023 அக்டோபரில் வந்த கூகுளின் பிக்சல் 8 கைபேசிக்கும், 2024 ஜனவரியில் அறிமுகமான சாம்சங்கின் கேலக்ஸி எஸ்24-க்கும் பேணல் காலம் ஏழாண்டு என்று நிறுவனங்களே அறிவித்தன. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், இணையத்தோடு இணையும் நுகர்பொருளுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் குறைந்தது எதுவரை வரும் என்று தயாரிப்பாளர் வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும், சட்டம். ஐரோப்பிய ஒன்றியத்திலும் 2025 ஜூன் 20 முதல் கைபேசிகளுக்கும் பலகைக் கணினிகளுக்கும் புதுப்பிப்புகள் எவ்வளவு காலம் வர வேண்டும் என்று விதி இருக்கிறது.

இதில் எங்கிருந்து எண்ணுவது என்பது முக்கியம். பிக்சலின் ஏழாண்டு, அந்த மாதிரி சந்தைக்கு வந்த நாளிலிருந்து ஓடத் தொடங்குகிறது. இரண்டாண்டு கழித்து வாங்கியவருக்கு மிச்சம் ஐந்துதான். ஐரோப்பிய விதியோ, அந்த மாதிரியைச் சந்தைக்கு விடுவது நின்ற நாளிலிருந்து ஐந்தாண்டு என்று எண்ணுகிறது. இரண்டுக்கும் எவ்வளவு வேறுபாடு! ஆகவே சொற்பட்டியலில் பேணல் காலம் என்பதற்கு விளக்கம் எழுதும்போது, தொடக்க நாளையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று ஒரு குறிப்பு போட்டுவிடுவோம்.

ஒரே ஓர் இடத்தில் இந்தச் சொல் போதாது. இசைச்சேவை தரும் ஸ்பாட்டிஃபை நிறுவனம், காரில் பாட்டு கேட்பதற்காக விற்ற ‘கார் திங்’ கருவியை நினைத்துக்கொள்ளுங்கள். 2024 டிசம்பர் 9-உடன் அது இயங்குவதே நின்றது. தூரத்தில் இருக்கும் வழங்கிக் கணினியை (சர்வரை) அணைத்தால் கையில் இருக்கும் கருவி செயலற்றுப்போகும் வகை இது. 2016-இல் ரிவால்வ் என்ற வீட்டுக் கட்டுப்பாட்டு மையத்துக்கும் இதுதான் நடந்தது. இங்கே பேணல் மட்டும் நிற்கவில்லை. காசு கொடுத்து வாங்கிய பொருளே முடக்கப்படுகிறது. இதற்குச் சேவை மூடல் என்று தனிச்சொல் வைக்கலாம். சில நிறுவனங்கள் இரண்டையும் ‘எண்ட் ஆஃப் லைஃப்’ என்ற ஒரே பெயரில் அறிவிப்பதால், மொழிபெயர்க்கும் நாம் எது நடக்கிறது என்று பார்த்துத்தான் சொல்லைத் தேர வேண்டும்.

இன்னொரு மடலில் ‘அப்டேட்’ என்பதற்கு ‘இற்றைப்படுத்தல்’ வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். இற்றை என்பது இன்றை. உருவாக்கியவர்கள் நன்றாகத்தான் உருவாக்கினார்கள். ஆனால் பலகை இற்றுப்போச்சு, கயிறு இற்றுப்போச்சு என்று பேசும் வாய்க்கு அது வேறு ஒலி தருகிறது. புதுப்பிப்பு என்றே வைத்து, அதற்குள் பாதுகாப்புத் திருத்தம் ஒன்று, வசதி மேம்பாடு ஒன்று என்று பிரித்துவிட்டால் நல்லது. பேணல் நிறுத்தத்தில் நிற்பது முக்கியமாக முதலாவது. வசதி மேம்பாடு நின்றதைப் பார்த்துப் பயந்துபோகிறவர்களும், திருத்தம் நின்றதைக் கண்டுகொள்ளாதவர்களும் இருக்கிறார்கள்; இரண்டும் ஒரே சொல்லில் கிடப்பதும் அதற்குக் காரணம்.

கடைசியாக, திரையில் தோன்றும் வரிகள். இப்போது நம் மொழிபெயர்ப்புக் கோப்பில் ‘இந்தப் பதிப்பு ஆயுள் முடிவை எட்டிவிட்டது’ என்று இருக்கிறது. அதை இப்படி மாற்றலாம்: ‘இந்தப் பதிப்பின் பேணல் நிறுத்தப்பட்டது. இனிப் பாதுகாப்புத் திருத்தங்கள் வராது.’ இரண்டாம் வாக்கியத்தைக் கண்டிப்பாகச் சேர்க்க வேண்டும். புதுச்சொல் பழகும்வரை அதுவே அதற்கு விளக்கம். நிறுவனத்தின் பெயரை நிரப்பும் இடம் உள்ள வரிகளில் செய்வினையாகவே எழுதுவோம்: ‘இந்தப் பதிப்பைப் பேணுவதை இன்ன நிறுவனம் நிறுத்திவிட்டது.’

பேணாப் பதிப்பு என்பதில் மட்டும் எனக்கே முழு நிறைவு இல்லை. ‘பேணல் இல்லாப் பதிப்பு’ தெளிவாக இருக்கிறது, ஆனால் நீளம். சிறு திரையில் சோதித்துப் பார்க்கக்கூடியவர்கள் இரண்டையும் போட்டுப் பார்த்து எழுதுங்கள். மற்றச் சொற்களுக்கு மறுப்பு இருந்தால் இந்த இழையிலேயே வையுங்கள். அடுத்த வெளியீட்டுக்கான வரிகள் பூட்டப்படுவதற்குள் சொற்பட்டியலில் ஏற்றிவிடலாம்.

அன்புடன்