சராசரி வேகத்தை நம்பலாமா?

கேள்வி: சென்னைக் குடியிருப்புத் தெருக்களில் 2023 நவம்பர் முதல் வேக வரம்பு 30 கிலோமீட்டர். எங்கள் தெருவின் சராசரி வேகம் அதற்குள்தான் இருக்கிறது என்று தரவு காட்டும்போது, வேகக் கேமரா கேட்பது நியாயமா?

பதில் 1: சராசரியை விட்டுவிடுங்கள். மாலை நெரிசலில் பால் பூத் அருகே ஊர்ந்த வண்டிகள், இரவு 11 மணிக்குப் பறந்தவற்றை அதில் மறைத்துவிடும். மணிவாரியாகப் பிரித்து, நூற்றுக்கு 85 வண்டிகள் எந்த வேகத்தைத் தாண்டவில்லை என்று பாருங்கள்.

பதில் 2: அந்த வேகமே வரம்பை மீறினால், பெரும்பாலும் குற்றம் சாலையின் அமைப்பில் இருக்கிறது, கேமரா கேட்பதற்கு முன் தெருவின் அகலத்தைக் குறுக்கச் சொல்லுங்கள்.

பதில் 3: இரவிலும் இயங்கும் கேமராவைக் கேட்கலாம். நியூயார்க்கில் பள்ளிப் பகுதிக் கேமராக்கள் வார நாள்களில் குறிப்பிட்ட நேரம் மட்டுமே இயங்கிவந்தன, 2022 ஆகஸ்டிலிருந்துதான் 24 மணி நேரமும் இயங்குகின்றன. இங்கே சட்டத் தடையும் இல்லை, மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தம் சேர்த்த 136ஏ பிரிவு மின்னணுக் கண்காணிப்புக்கு இடமளிக்கிறது.