கேஸ் ஊசியை ஏன் மூன்று நாள் பம்பில் ஏற்றுகிறார்கள்?

தறிவீட்டுப் பையன் (குடியாத்தம்)

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 61 வயது. லுங்கி நெசவு, குழித்தறி. மிதிக்கட்டையை மிதித்தே முட்டி தேய்ந்துவிட்டது. மூன்று மாதமாக மெடிக்கலில் டைக்ளோஃபினாக் என்ற வலி மாத்திரை வாங்கி, காலையில் வெறும் வயிற்றில் டீயோடு போட்டிருக்கிறார். வீட்டில் யாருக்கும் தெரியாது.

சனிக்கிழமை விடியற்காலை கக்கூஸிலிருந்து வந்தவர் சுவரைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டார். மலம் தார் மாதிரி கறுப்பு, பிசுபிசுவென்று, நாற்றம் தாங்கவில்லை. கே.வி.குப்பம் தாண்டும்போது காரிலேயே வாந்தி. காபித்தூளைக் கரைத்துக் கொட்டின மாதிரி இருந்தது.

வேலூரில் சேர்த்தோம். ஹீமோகுளோபின் 6.2. ரத்தம் ஏற்றி, அன்று மாலையே எண்டோஸ்கோபி பார்த்தார்கள். சிறுகுடல் தொடங்கும் இடத்தில் புண், அதில் ரத்தக்குழாய் வெளியே தெரிந்திருக்கிறது. கிளிப் போட்டாயிற்று. இப்போது பான்டோபிரசோல் சிரிஞ்ச் பம்பில் ஏறுகிறது, பம்பில் 5.0 என்று எண். 72 மணி நேரம் ஓடுமாம்.

சித்தப்பா விடமாட்டேன் என்கிறார்: "அது கேஸ் மாத்திரைடா, நான் தினமும் போடுறேன். ரத்தம்தான் நின்னுடுச்சே, வீட்டுக்குக் கூட்டிப் போய் மாத்திரையா குடு." எனக்கும் குழப்பம். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வார்டு அக்கா (ராணிப்பேட்டை)

தம்பி, தயவுசெய்து இப்போது கூட்டிப் போகாதீர்கள். நான் 14 வருடமாக ஸ்டாஃப் நர்ஸ்.

"கேஸ் மாத்திரை" என்ற பெயர்தான் எல்லாரையும் ஏமாற்றுகிறது. அது அமிலச் சுரப்பையே அடக்கும் மருந்து. புண்ணில் ரத்தம் நிற்பது அங்கே உறையும் கட்டியால்தான். அமிலமும், வயிற்றில் சுரக்கும் பெப்சின் என்ற செரிமானப் பொருளும் அந்தக் கட்டியைக் கரைத்துவிடும். அமிலம் அதிகமாக இருக்கும் இடத்தில், ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதும் சரியாக நடக்காது. வயிற்றின் பி.எச். அளவை (எண் கூடினால் அமிலம் குறைவு) 6க்கு மேலேயே வைத்திருந்தால் கட்டி நிற்கும். சித்தப்பா போடும் ஒரு மாத்திரையால் இரவும் பகலும் அப்படி வைத்திருக்க முடியாது. அதனால்தான் முதலில் 80 மி.கி. மொத்தமாக, அப்புறம் மணிக்கு 8 மி.கி. 50 மில்லி சிரிஞ்சில் 80 மி.கி. கலந்தால் மணிக்கு 5 மில்லி. நீங்கள் பார்த்த 5.0 இந்தக் கணக்காகத்தான் இருக்கும். ஒரு சிரிஞ்ச் பத்து மணி நேரம் வரும். சில இடங்களில் பம்ப் இல்லாமல் வேளைக்கு வேளை ஊசியாகவும் போடுவார்கள், அதுவும் ஏற்ற முறைதான்.

72 மணி ஏன் என்றால், திரும்ப ரத்தம் கசிவது பெரும்பாலும் முதல் மூன்று நாளில்தான். ஹாங்காங்கில் ஒரு ஆய்வு, 2000இல் வெளியானது. எண்டோஸ்கோபியில் ரத்தத்தை நிறுத்திய 240 பேரில் பாதிப் பேருக்கு இதே வகை மருந்தான ஒமெப்ரசோலை மூன்று நாள் ஏற்றினார்கள். ஒரு மாதத்துக்குள் மறுபடி ரத்தம் வந்தது அவர்களில் 8 பேருக்கு; ஏற்றாத 120 பேரில் 27 பேருக்கு.

அதற்காக மருந்து மட்டும் போதும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. பீய்ச்சுகிற குழாயை அடைத்தது கிளிப். அதைக் காப்பது மருந்து. பம்ப் அலாரம் அடித்தால் நீங்கள் கை வைக்காமல் சிஸ்டரைக் கூப்பிடுங்கள். இந்த மாதிரி புண்ணை உண்டாக்கும் எச்.பைலோரி கிருமி இருக்கிறதா என்று பார்த்தார்களா, அதையும் கேளுங்கள். ரத்தம் போகும் சமயத்தில் இல்லை என்று வந்தாலும் நம்பிவிட முடியாது, பின்னால் இன்னொரு தடவை பார்க்க வேண்டும்.

காட்பாடிக்காரர்

அக்கா சொன்னதே சரி. இன்னொன்று: டிஸ்சார்ஜில் இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தால் மலம் கறுப்பாகத்தான் போகும். எங்கள் அம்மாவுக்கு அப்படி ஆகி நள்ளிரவில் ஆட்டோ பிடித்து ஓடினோம். தார் மாதிரி ஒட்டி, அந்த நாற்றம் வந்தாலோ தலை சுற்றினாலோ மட்டும் யோசிக்காமல் ஓடுங்கள்.

தறிவீட்டுப் பையன் (குடியாத்தம்)

நன்றி அக்கா, நன்றி அண்ணா. சித்தப்பாவுக்கு அக்கா எழுதியதை முழுசாகப் படித்துக் காட்டினேன், அதற்கப்புறம் பேச்சில்லை. இன்று மதியம் பம்பைக் கழற்றினார்கள். இனி காலை, இரவு சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் மாத்திரை. கிருமி டெஸ்ட் ரிசல்ட் இன்னும் வரவில்லை. முட்டிக்கு என்ன செய்வது என்று எலும்பு டாக்டரிடம் காட்டச் சொல்லியிருக்கிறார்கள்.

சட்டையைத் துவைக்க எடுத்தேன். பையில் அந்த வலி மாத்திரை அட்டை, நாலு மிச்சம். அப்பாவே வாங்கிப் பிதுக்கிக் குப்பையில் போட்டார்.