புதுப்பிப்பு: முழு மின்னழுத்தத்தை எட்டாத அந்த ஒற்றைச் செல்

ட்ரோனுக்கான நான்கு செல் லித்தியம் பாலிமர் பேட்டரியில் ஒரு செல் மட்டும் ஏன் முழு சார்ஜுக்குரிய 4.2 வோல்ட்டை எட்டுவதில்லை என்று முன்பு கேட்டிருந்தேன். பேட்டரியின் கொள்ளளவு 1500 மில்லி ஆம்பியர் மணி என்பதால், மின்னோட்டத்தை 1.5 ஆம்பியருக்குள் வைத்து, பேலன்ஸ் முறையில் (எல்லாச் செல்களையும் ஒரே மின்னழுத்தத்துக்குக் கொண்டுவரும் முறை) சார்ஜ் செய்தபோது நான்கும் சமநிலைக்கு வந்தன. ஆனால் இரவு முழுவதும் பயன்படுத்தாமல் வைத்த பின்னும் அதே செல் தனியே இறங்கியிருந்ததால், கோளாறு சார்ஜரில் அன்று, செல்லின் உள்ளேயே இருக்கிறது என்று கருதுகிறேன். மொத்த மின்னழுத்தம் சரியாகத் தோன்றினாலும், பறக்கும்போது பலவீனமான அந்தச் செல் பாதுகாப்பான எல்லையான 3 வோல்ட்டுக்கும் கீழே போய்விடக்கூடும். உறையும் சற்று உப்பியிருப்பதால் (இதுவே போதுமான காரணம்) அந்தப் பேட்டரியை இனிச் சார்ஜ் செய்யாமல் மின்னணுக் கழிவு மறுசுழற்சிக்குக் கொடுக்கிறேன். மற்ற பேட்டரிகளைச் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் சேமிக்கிறேன்.