புதுப்பிப்பு: 160 மெகாஹெர்ட்ஸில் துண்டிக்கப்படும் அலுவலக வைஃபை

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உள்ள எங்கள் அலுவலகத்தில் சேனல் அகலத்தை (வைஃபை ஒரே நேரத்தில் பயன்படுத்தும் அலைவரிசையின் அகலத்தை) 160 மெகாஹெர்ட்ஸாக உயர்த்தியதிலிருந்து வைஃபை அடிக்கடி துண்டிக்கப்படுவதாக முன்பு எழுதியிருந்தேன், காரணம் தெரிந்துவிட்டது. துண்டிப்பு நேர்ந்த நேரங்களிலெல்லாம் ரவுட்டரின் பதிவில் ‘ரேடார் கண்டறியப்பட்டது’ என்ற வரி இருக்கிறது. எங்கள் ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையின் 36 முதல் 64 வரையிலான சேனல்களைச் சேர்த்து அந்த அகலம் கிடைக்கிறது என்பதாலும், அவற்றுள் 52 முதல் 64 வரையிலானவை ரேடாருக்கு வழிவிட வேண்டியவை என்பதாலும், அத்தகைய சிக்னல் தென்பட்டதும் ரவுட்டர் சேனலைக் காலிசெய்துவிடுகிறது. மாறிச்செல்லும் சேனலும் அவ்வகையே என்றால், அங்கே ரேடார் உள்ளதா எனக் குறைந்தது 60 விநாடிகள் கவனித்த பிறகே ரவுட்டர் அதில் இயங்க முடியும். 36 முதல் 48 வரையிலான சேனல்களில் மட்டும், 80 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் நிறுத்திய பின் கணக்குப் பிரிவு அக்காவின் காணொளி அழைப்புகள் அறுபடுவதில்லை. வேகம் சற்றுக் குறைந்தாலும், அலுவலகத்துக்கு அறுபடாத இணைப்பே முதன்மையானது என்று உறுதியாகக் கருதுகிறேன்.