அகதிகளுக்காக மனுவில் கையெழுத்துப் போடுவதைத் தாண்டி என்ன செய்யலாம்?

கேள்வி: மெல்பனில், டான்டினாங் பக்கம் இருக்கிறேன். பக்கத்து வீட்டு அண்ணன் 2012ல் அகதியாகப் படகில் வந்தவர். இன்னும் பிரிட்ஜிங் விசாதான் (முடிவு வரும்வரை தரும் தற்காலிக விசா). இவரைப் போன்றவர்களுக்காக நாம் உருப்படியாக என்ன செய்யலாம்?

பதில் 1: தம்பி, பிலோவீலா கதையை ஒருமுறை முழுசாகப் படியுங்கள். குவீன்ஸ்லாந்தில் ஆறாயிரம் பேர்கூட இல்லாத ஊர். 2018 மார்ச்சில் விடியற்காலையில் அதிகாரிகள் வந்து புகலிடம் கேட்டிருந்த நம் தமிழ்க் குடும்பம் ஒன்றைத் தடுப்புக் காவலுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். சமூக சேவகர் ஆஞ்செலா ஃப்ரெட்ரிக்ஸும் ஊராரும் சும்மா இருக்கவில்லை. மனு, வழக்குக்கு நிதி, எம்.பி.க்களிடம் நடை என்று விடாமல் நான்கு வருடம். நடுவில் குடும்பத்தை இந்தியப் பெருங்கடலில் உள்ள கிறிஸ்மஸ் தீவில் வேறு அடைத்தார்கள். 2022 ஜூனில் ஊர் திரும்பினார்கள், ஆகஸ்டில் நிரந்தர விசா. அவர்களைத் தெரிந்தவர்கள், பெயர் சொல்லிப் பேசியதுதான் எடுபட்டது என்பேன். அதனால் முதலில் அந்த அண்ணனிடம் கேளுங்கள். அவர் சம்மதித்தால் மட்டும் உங்கள் எம்.பி. அலுவலகத்தில் நேரம் வாங்கி, இருவருமாகப் போங்கள்.

பதில் 2: அக்கா சொல்வது சரி. 2023ல் நிரந்தர விசா கேட்டு அகதிப் பெண்கள் மெல்பனிலிருந்து கான்பெராவுக்கு 600 கிலோமீட்டருக்கு மேல் நடந்தே போனார்கள். நம் பெண்களும் அதில் இருந்தார்கள். அந்த மாதிரி நேரத்தில் சமைக்க, கார் ஓட்ட ஆள் தேவைப்படும்.

கேட்டவர்: நன்றி. அண்ணனின் விசா மனுவை நானே பார்க்கலாமா?

பதில் 1: வேண்டாம். அதற்குப் பதிவு பெற்ற குடிவரவு முகவரோ வழக்கறிஞரோதான். ஃபுட்ஸ்க்ரேயில் உள்ள அகதிகள் உதவி மையத்தில் விசாரியுங்கள்.