றெட் லேக் பக்கம் மிதவை விமானத்தில மீன்பிடிக்கப் போன ஆக்கள் இருக்கிறீங்களோ?

அண்ணாமார், அக்காமார், ஒரு உதவி வேணும்.

வாற ஜூன் கடைசியில நாங்கள் நாலு பேர் ரொறன்ரோவில இருந்து வெளிக்கிடுறம். ஒன்ராறியோவின்ர வடமேற்கில இருக்கிற றெட் லேக் ஊர் மட்டும் கார், ரெண்டு நாள் ஓட்டம். அங்கயிருந்து தண்ணியில இறங்கிற பழைய பீவர் எண்ட சின்ன விமானம். ரோட்டே இல்லாத ஒரு ஏரியில, ஒரு மரக் கபினில இறக்கிவிட்டுட்டு 5 நாள் கழிச்சுத்தான் வருவினம். கரண்டும் இல்லை, போன் சிக்னலும் இல்லை.

என்ர பெரிய தலையிடி நிறைதான். ஆளுக்கு இவ்வளவு இறாத்தல் எண்டு கணக்கு இருக்கு. எங்கட ஒருத்தன் தேங்காய்ப்பால் ரின்னே ஒரு பெட்டி கொண்டுவரப் போறானாம்! அரிசி, மிளகாய்த்தூள், புளியோட சமாளிக்கலாமோ? பனிப்புகார், காத்து எண்டு விமானம் பிந்தினால் எத்தினை நாள் சாப்பாடு மேலதிகமா வைக்கவேணும்?

மீன் வெட்டின கழிவை எங்க போட்டனீங்கள்? கரடிக்குப் பயமா இருக்கு.

சற்றலைட் கருவி வாடகைக்கு எடுத்த ஆக்கள் இருந்தால் அதையும் சொல்லுங்கோ.

மீன்பிடி லைசன்ஸ் விசயம்: விலை குறைஞ்ச லைசன்ஸில வோல்ஐ மீன் ஆளுக்கு 2 தான் வைச்சிருக்கலாம், மற்றதில 4. குழம்புக்கு 2 காணுமோ?

நுளம்பைப் பற்றி ஒருத்தரும் சொல்லவேண்டாம், மனிசி வாசிக்கிறா.