‘டீமன் டேஸ்’ உங்களை வந்தடைந்தது எப்படி?

கல்லூரி விடுதியில் அறைத்தோழர் ‘ஃபீல் குட் இங்க்’ பாடலை ஓயாமல் ஒலிக்கவிட்டதால்தான், கார்ட்டூன் உருவங்களாகவே தோன்றும் பிரிட்டிஷ் இசைக்குழுவான கொரில்லாஸ் 2005-இல் வெளியிட்ட இந்த ஆல்பம் எனக்கு அறிமுகமாயிற்று. தொடக்கத்தில் வரும் வெடிச்சிரிப்பு எனக்கு எரிச்சலையே தந்தது. ஆனால் அதைத் தொடரும் பேஸ் கிட்டாரின் நடையும், மெகாஃபோன் வழியாக வருவதுபோல் நசுங்கி ஒலிக்கும், குழுவின் பாடகர் டேமன் ஆல்பர்னின் குரலும், சற்றும் எதிர்பாராமல் அக்கூஸ்டிக் கிட்டாருடன் இளகிவிடும் பல்லவியும், அதன் மீது வந்து மோதும் டி லா சோல் குழுவினரின் ராப்பும் ஒரே பாடலுக்குள் எப்படி இடம் பிடித்தன என்ற வியப்பு இன்றுவரை நீங்கவில்லை. இது 2006-இல் கிராமி விருது பெற்றதைப் பின்னாளில்தான் அறிந்தேன்.

*

மேலே எழுதியவர் குறிப்பிட்ட பாடலைவிட என்னை ஆட்கொண்டது ‘டர்ட்டி ஹாரி’தான். துப்பாக்கி வேண்டும் என்று சிறுவர்கள் கூட்டாகப் பாடும்போது அது விளையாட்டுப் பாட்டாகவே தோன்றுகிறது. பின்னர் வயலின்கள் எழுந்து அடங்க, ராப் பாடகர் பூட்டி பிரவுன் ஒரு போர்வீரனின் குரலில் ராப் பாடத் தொடங்குகிறார். விமானியின் உடையணிந்து வந்து போர் முடிந்துவிட்டதென அறிவித்த தலைவரை அவர் குத்திக்காட்டுகிறார். 2003-இல் ஈராக் போரையொட்டி நிகழ்ந்ததை நினைவில் வைத்திருப்போருக்கு அது அமெரிக்க அதிபராயிருந்த ஜார்ஜ் புஷ் என்று சொல்ல வேண்டியதில்லை. அதன் பிறகு தொடக்கத்துக்குத் திரும்பி அந்தச் சிறுவர்களின் பாட்டைக் கேட்டால் அடிவயிறு கலங்குகிறது. ராக் ஆல்பங்களில் ராப்பை ஊறுகாய்போல் ஓரமாகத் தொட்டுக்கொள்வதே வழக்கமாக இருக்க, இங்கே பாடலின் பொருளையே அது புரட்டிப்போடுகிறது. ராப் பாடகர் ஜே-சீயின் குரலையும் பீட்டில்ஸின் இசையையும் ஒட்டி 2004-இல் ‘தி கிரே ஆல்பம்’ உருவாக்கிய டேஞ்சர் மவுஸ் இதன் தயாரிப்பில் பங்கேற்றிருப்பதை அறிந்தபோது, இந்தத் துணிவு எங்கிருந்து வந்தது என்பது ஓரளவு விளங்கியது.

*

நான் முதலில் கண்டது, இந்த ஆல்பத்தை மேடையேற்றிய மான்செஸ்டர் ஆப்ரா ஹவுஸ் நிகழ்ச்சியின் பதிவைத்தான். ஆல்பர்ன் பியானோவின் முன் வெறும் நிழலுருவாக அமர்ந்திருக்க, குழுவை அவருடன் சேர்ந்து உருவாக்கிய ஓவியர் ஜேமி ஹ்யூலெட் வரைந்த உருவங்கள் மேலே திரையில் தோன்றின. முகம் காட்ட வேண்டிய நட்சத்திரம் ஒதுங்கிக்கொண்டதால்தான் பாடகர்கள் ஷான் ரைடரும் நெனே செர்ரியும் ராப் பாடகர் எம்எஃப் டூமும் இந்த ஆல்பத்தில் விருந்தினராக அன்றி வீட்டுக்காரராகவே ஒலிக்கிறார்கள் என்பது என் கருத்து. நடிகர் டென்னிஸ் ஹாப்பர் கதை சொல்லும் பகுதி மட்டும் எனக்கு இன்றளவும் நீளமாகவே படுகிறது. நண்பர்கள் கோபித்தாலும் சரி, அதைத் தாண்டிச் சென்று, லண்டன் கம்யூனிட்டி காஸ்பெல் கொயர் என்ற சேர்ந்திசைக் குழு பாடும் கடைசி இரண்டு பாடல்களை இடைவெளியின்றிக் கேட்பதே என் வழக்கம்.